நூர்டைன் நோர்ஸ்மன்

கனடாவின் வடபகுதிக் காடுகளுக்கெனக் கனடாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட ஒற்றை எஞ்சின் விமானம். சாலையும் ஓடுதளமும் இல்லாத ஏரிக்கரைகளுக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுசென்றது. வடிவமைத்தவர் ராபர்ட் நூர்டைன் (1893–1959).

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் டச்சுத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த நூர்டைன், இங்கிலாந்தில் விமானத் தொழில் கற்றார். பின்னர் அமெரிக்காவில் ஃபோக்கர், பெலன்கா, பிட்கேர்ன் நிறுவனங்களில் பணியாற்றினார்.

1930களின் நடுவில் மொன்றியலில் சொந்த நிறுவனம் தொடங்கினார். தரைவிமானத்தைக் கட்டிவிட்டுப் பிறகு மிதவை பூட்டுவதே அன்றைய வழக்கம். நூர்டைன் மிதவையிலிருந்தே தொடங்கினார். சக்கரமும் பனிச்சறுக்குக் கட்டைகளும் வேண்டும்போது மாற்றிக்கொள்பவை. கரையணையும்போது துறைமேடையில் இடிக்காதிருக்க இறக்கை உடலின் மேலே அமைந்தது. உடல் எஃகுக் குழாய்ச் சட்டம், இறக்கை மரம். இரண்டுக்கும் துணிப் போர்வை. விமானிக்குத் தனிக் கதவு இருந்ததால், அறை நிறையச் சரக்கேற்றிய பின்னும் அவர் மூட்டைகள்மேல் தவழ வேண்டியதில்லை. கடுங்குளிர் இரவுகளில் எஞ்சின் எண்ணெயைச் சூடாறுமுன் வடித்துக் குடிசைக்குள் வைப்பார்கள். விடிந்ததும் எஞ்சினைக் கித்தானால் மூடி, அடியில் ஊதடுப்பு எரித்து, அடுப்பில் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிய பிறகே கிளப்புவார்கள். காட்டு விமானிகள் எல்லோருக்கும் இருந்த இந்தக் காலை வேலைக்கு நோர்ஸ்மனும் விலக்கல்ல.

முதல் விமானம் 1935 நவம்பர் 14 அன்று செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலிருந்து எழும்பியது. அதன் 420 குதிரைத்திறன் ரைட் எஞ்சின் போதவில்லை. 1936இல் 600 குதிரைத்திறன் வாஸ்ப் எஞ்சினோடு நான்காம் வகை வந்தது. அதன் சுழலியின் முனைகள் ஒலியின் வேகத்தை நெருங்கிச் சுழல்வதால் எழும் முழக்கம் ஏரிக்கரைவாசிகளுக்கு நன்கு பழக்கம். முதல் விமானம் 1942இல் வெளியான ஒரு ஹாலிவுட் படத்திலும் நடித்தது. 1952இல் விபத்தில் நொறுங்கியது.

1940 வரை விற்பனை இருபதை எட்டவில்லை என்பதே பொதுவான கணக்கு. போர் நிலைமையை மாற்றியது. கனடிய விமானப்படையும், துருவ விமானி பெர்ன்ட் பால்கனின் பரிந்துரையால் அமெரிக்க ராணுவமும் வாங்கின. அமெரிக்கா மட்டும் எழுநூறுக்கு மேல். 1944 டிசம்பர் 15 அன்று இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லர் பயணித்து, ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் மறைந்ததாகக் கருதப்படும் விமானமும் இதுவே. கார்புரேட்டரில் பனி உறைந்தது என்பர் சிலர். திரும்பிவந்த குண்டுவீச்சு விமானங்கள் கடலில் உதிர்த்த குண்டுகள் என்பர் வேறு சிலர். எதுவும் நிறுவப்படவில்லை.

1946இல் உற்பத்தி உரிமை கனடியன் கார் அண்ட் ஃபவுண்டரி நிறுவனத்துக்குப் போனது. ராணுவம் கழித்த விமானங்கள் மலிவாகக் கிடைத்ததாலும், 1947இல் முழு உலோகத்தாலான பீவர் விமானம் வந்ததாலும் புதியவை அதிகம் விலைபோகவில்லை. 1953இல் நூர்டைன் உரிமையை மீட்டார். அவர் இறந்த 1959ஆம் ஆண்டோடு உற்பத்தியும் நின்றது. மொத்தம் 903 என்றும் 904 என்றும் கூறுவர்.

ஒன்டாரியோவின் ரெட் லேக் ஊர் தன்னை நோர்ஸ்மன் தலைநகர் என்று அழைத்துக்கொண்டு இதற்கு விழா எடுத்துவருகிறது.