பதியம் போட்ட சொல்

‘அது வெறும் புரொப்பகாண்டா’ என்று ஆங்கிலத்தில் ஒருவர் எழுதினால், ‘அதை நம்பாதே’ என்பதே பொருள். ஆயினும் இச்சொல் ஆங்கிலத்திற்கு வந்தது திருச்சபையின் வாசல் வழியாகத்தான்.

1622-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் மறைபரப்புப் பணிக்கென உரோமையில் ஒரு பேராயத்தை நிறுவினார். அதன் இலத்தீன் பெயரில் ‘புரொப்பகாந்தா’ என்னும் சொல் இருந்தது. பரப்புதலைக் குறிக்கும் அச்சொல், கொடியை வளைத்து மண்ணில் பதியம் போடும் தோட்டத் தொழிலிலிருந்து பிறந்தது.

ஆங்கில வாக்கியங்களில் இது முதலில் அப்பேராயத்தின் பெயராகவே நின்றது. பின்னர், எக்கொள்கையையும் பரப்பும் முயற்சிக்குப் பொதுப்பெயராயிற்று. 1914-இல் மூண்ட முதல் உலகப்போரில் அரசுகள் பகைமையை வளர்க்கச் செய்திகளைத் திரித்தன. 1933-இல் ஹிட்லரின் அரசு இச்சொல்லையே ஓர் அமைச்சகத்தின் பெயரில் சேர்த்துக்கொண்டது. சொல் கறைபட்டது. 1967-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், அப்பேராயத்திற்கு நற்செய்தி அறிவிப்பைச் சுட்டும் புதுப்பெயர் சூட்டினார்.

பதியமிட்ட கிளை, வேர்விடும்வரை தாய்க்கொடியோடு இணைந்தே இருக்கும். முன்னதாக வெட்டினால் பட்டுப்போகும். உண்மையிலிருந்து வெட்டப்பட்ட செய்தி எவ்வளவு பரவினாலும் வேர்பிடிப்பதில்லை; தன்னைச் சுமந்த சொல்லையும் அது கெடுத்துவிடுகிறது. கேட்டதைப் பிறருக்குச் சொல்லுமுன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.