அரைக் கிலோவுக்குள் ஒரு ஃபுல் ஃப்ரேம்

புகைப்படக்காரர் ஏ.டி.டபிள்யூ. பென் ஊட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், மலைக்குள் போய் ஒரு படம் எடுப்பதென்றால் முதலில் சுமைக்கு ஆள் பிடிக்க வேண்டும். ஈரத் தகடு முறை புழங்கிய காலம் அது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியும் ஆக வேண்டும். மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் எல்லாம் கூடவே ஏறி இறங்கும். தோடர்களைப் பென் எடுத்த படங்களில் எல்லோரும் அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. சில விநாடிகள் அசையாமல் நின்றால்தான் படம் விழும். எதிரே நடப்பது என்னவென்று நிற்பவருக்கும் நன்றாகத் தெரியும்.

இன்று அதே மலையில், பைக்காரா அணைக்கரையில் ஒருவர் சட்டைக்கு மேலே போட்ட ஜெர்கின் பையிலிருந்து கேமராவை எடுக்கிறார். எடை அரைக் கிலோவுக்குள். படம் எடுத்ததும் தெரியாது, சத்தமும் வராது. கண்ணாடித் தகட்டிலிருந்து ஜெர்கின் பை வரை வந்த இந்தப் பொருளின் வரலாறு, ஒவ்வொரு கட்டத்திலும் எதையாவது கழற்றிப் போட்ட வரலாறு. எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

அப்படிக் கழற்றியவர்களில் முக்கியமானவர் ஆஸ்கர் பார்னாக். ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் கம்பெனியில் மெக்கானிக். ஆஸ்துமாக்காரர், காடு மேடு சுற்றுவதில் ஆசை. பெரிய தகட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தால் மூச்சு வாங்கியது. சினிமாவுக்கு ஓடிக்கொண்டிருந்த 35 மில்லிமீட்டர் சுருள் அவர் கண்ணில் பட்டது. சினிமா கேமராவில் அது மேலிருந்து கீழாக ஓடும். ஒரு சட்டகம் 18-க்கு 24 மில்லிமீட்டர். பார்னாக் சுருளைப் படுக்கவைத்து ஓட்டி, இரண்டு சினிமா சட்டகங்களை ஒன்றாக்கினார். கிடைத்தது 24-க்கு 36. முதல் மாதிரியை முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு செய்தார். போரும் பணவீக்கமும் கடந்து, 1925-இல் லைப்சிக் சந்தையில் லைக்கா விற்பனைக்கு வந்தது. இன்று நாம் ஃபுல் ஃப்ரேம் என்று சொல்கிற அளவு அந்த மெக்கானிக் வகுத்ததுதான். நூறு ஆண்டாக ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை.

அந்த முதல் லைக்காவில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். லென்ஸை மாற்ற முடியாது. தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்யும் கருவி உள்ளே இல்லை. கண்ணால் மதிப்பிட வேண்டும், இல்லையென்றால் தனியாக ஒரு கருவி வாங்க வேண்டும். தகட்டோடு ஒப்பிட்டால் நெகட்டிவ் தபால்தலை அளவு. பெரிய ஸ்டூடியோக்காரர்கள் இதை விளையாட்டுச் சாமானாகப் பார்த்ததில் வியப்பில்லை. ஆனால் ஒரு சுருளில் 36 படம் கிடைத்தது, ஒரே கையில் அடங்கியது. படமெடுக்கிறவர் முக்காலியை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்.

அப்படி நடந்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்கும் வந்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலை ஆசிரமத்தில் இருந்த புகைப்படக்காரர் ஆன்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான். தன் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் மூடி வைத்திருந்தவர். பெரும்பாலும் ஒரே 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஃப்ளாஷ் கிடையாது. இன்று குறைத்தலே அழகு என்று விளம்பரப்படுத்தப்படுகிற எல்லாவற்றையும் அவர் பழக்கத்தாலேயே செய்துகாட்டிவிட்டார்.

கேமரா வந்தால் போதுமா, அதற்குச் சுருள் வேண்டாமா? அந்தக் கதை பைக்காரா சாலையிலேயே இருக்கிறது. ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் பைக்காராவுக்குப் போகிறவர்கள் இந்து நகரைக் கடந்துதான் போக வேண்டும். ஹெச்.பி.எஃப். என்று ஊரே சொல்லும் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. 1960-இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். பிரான்சின் போஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்திக்கு வந்தது. ஃபிலிமுக்குத் தூசி ஆகாது, வெக்கை ஆகாது, நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். நீலகிரியில் மூன்றும் பொருந்தின. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களும், சினிமா ஃபிலிமும், புகைப்படத் தாளும், எக்ஸ்-ரே ஃபிலிமும் இங்கிருந்து நாடெங்கும் போயின. ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பைப் பூசும் வேலை இருட்டில்தான் நடக்கும். வெளிச்சத்தைப் பிடிக்கும் பொருளைச் செய்தவர்கள் தங்கள் ஷிஃப்டை வெளிச்சமில்லாமலே கழித்தார்கள்.

கலர் ஃபிலிம் வந்தது, இறக்குமதி பெருகியது, பிறகு டிஜிட்டல் வந்தது. தொண்ணூறுகளின் நடுவிலேயே ஆலை நலிந்த நிறுவனப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2014-இல் எஞ்சிய தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மூட மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. சுருள் போனது. ஆனால் 24-க்கு 36 என்ற அளவு போகவில்லை. அது ஃபிலிமிலிருந்து சிலிக்கானுக்கு இடம் மாறியது.

இடம் மாறியபோது மறுபடி எடையும் விலையும் கூடிவிட்டன. சென்சாரைச் சிலிக்கானில் அச்சிடும் கருவி ஒரே வீச்சில் பதிக்கும் பரப்பு ஏறக்குறைய 26-க்கு 33 மில்லிமீட்டர்தான். 36 மில்லிமீட்டர் அகலம் அதில் அடங்காது. துண்டு துண்டாகப் பதித்து ஒட்டுத் தெரியாமல் சேர்க்க வேண்டும். அதனால் விலை ஏறியது. 2002-இல் வந்த கேனான் இ.ஓ.எஸ். 1டிஎஸ் பாடி மட்டுமே ஒன்றேகால் கிலோ, விலை 8,000 டாலர். பார்னாக் இறக்கிவைத்த சுமை திரும்பவும் தோளில் ஏறியது.

இரண்டாம் முறை சுமையை இறக்கிய கேமராக்களில் முக்கியமானது 2012-இல் சோனி வெளியிட்ட ஆர்எக்ஸ்1. கழற்ற முடியாத 35 மில்லிமீட்டர் எஃப்/2 லென்ஸோடு சேர்த்தே 482 கிராம். லென்ஸ் சென்சாருக்கு மிக அருகே உட்கார்ந்துகொள்வதால் அந்தச் சிறிய உருவம் சாத்தியமானது. கழற்றாத லென்ஸ் என்பதால் சென்சாரில் தூசி விழும் தொல்லையும் குறைவு. ஆனால் வியூஃபைண்டர் கிடையாது, கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி கிடையாது, பேட்டரி பாதி நாளில் கைவிரிக்கும். 2015-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மேலெழும் வியூஃபைண்டரும் சாயும் திரையும் சேர்ந்தன. 2025-இல் வந்த மூன்றாம் பதிப்பில் வியூஃபைண்டர் நிலையாகி, திரையின் சாய்வு போனது. விலை மட்டும் 2,800 டாலரிலிருந்து 5,000 டாலருக்கு மேல் போய்விட்டது.

சிக்மா இன்னும் துணிந்தது. 2019-இல் வந்த எஃப்பி மாடலில் மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். ஃப்ளாஷ் மாட்டும் ஷூவைத் தனியாகத் திருக வேண்டும், கைப்பிடியும் தனி. 2025-இல் அதே கம்பெனி பிஎஃப் மாடலைக் கொண்டுவந்தது. ஒரே அலுமினியக் கட்டியை ஏழு மணி நேரம் கடைந்து ஓர் உடல். மெமரி கார்டு போடும் இடமே இல்லை. உள்ளேயே 230 ஜிகாபைட். ஃப்ளாஷ் ஷூ இல்லை, வியூஃபைண்டர் இல்லை. பேட்டரியோடு 446 கிராம். தேயிலை மலையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று: அதன் பெயரை ஒகாகுரா ககுஸோ தேநீரைப் பற்றி 1906-இல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒன்றைப் பைக்காராவுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்?

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பைக்காரா கடினமான வெளிச்சம் உள்ள இடம். சோலைக்குள் பகலிலும் இருட்டு. அதே சட்டகத்தின் மேல்விளிம்பில் மூடுபனிக்குப் பின்னால் வெள்ளை வானம். பனி ஒரே வெள்ளையாகத் தெரிந்தாலும் அதற்குள் நூறு சாம்பல்கள். உயர்ரக செல்போன்களில் வரும் ஒரு இன்ச் சென்சாரின் பரப்பு ஏறக்குறைய 116 சதுர மில்லிமீட்டர். ஃபுல் ஃப்ரேமுக்கு 864. ஏழு மடங்குக்கு மேல். நிழலைக் கொஞ்சம் தூக்கினாலும் புள்ளி புள்ளியாக உடையாமல், பனியின் சாம்பல் படிகள் கோடு கோடாகப் பிரியாமல் நிற்பதற்கு இந்தப் பரப்பு ஒரு முக்கியக் காரணம். ஒன்பதாவது மைல் ஷூட்டிங் மட்டத்தின் புல்மேட்டில் ஏறி இறங்கும்போது கழுத்து வலிக்காது. வலிக்காததால் கேமரா பைக்குள் போகாது, பைக்குள் போகாததால் படம் கிடைக்கும்.

இனிக் குறைகள். அருவியிலிருந்து தொடங்கலாம். பாறையில் விழும் தண்ணீர் பட்டுப்போல் வர வேண்டுமென்றால் கேமராவை முக்காலியில் வைத்து, இருட்டு ஃபில்டர் போட்டு, ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைக்க வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத கேமராவின் எலெக்ட்ரானிக் ஷட்டருக்கு இது சிரமமே இல்லை. குறை தெரிவது படகு இல்லத்தில். ஸ்பீட் போட் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு குறுக்கே போகிறது. நீங்கள் கேமராவை அதனோடு சேர்த்துத் திருப்புகிறீர்கள். சென்சார் மேல்வரியிலிருந்து கீழ்வரி வரை வரிவரியாகப் படிக்கிறது. முதல் வரியைப் படித்த கணத்துக்கும் கடைசி வரியைப் படித்த கணத்துக்கும் இடையில் கேமரா நகர்ந்துவிட்டது. எதிர்க்கரையில் நேராக நிற்கும் மரங்கள் படத்தில் சாய்ந்து நிற்கின்றன. சாயங்காலம் கடை எல்.இ.டி. விளக்கடியில் எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழலாம். காரணம் அதேதான்.

திரை சாயாது என்பதும் மேசையில் வைத்துப் பார்க்கும்போது அற்பமாகத் தோன்றும். தென்மேற்குப் பருவமழை மாதத்தில் புல்வெளிப் பூவைத் தரைமட்டத்திலிருந்து எடுக்கப் பாருங்கள். ஈரப்புல்லில் வயிற்றை வைத்துப் படுக்க வேண்டும், எழுந்ததும் அட்டை ஏறியிருக்கிறதா என்று காலைத் தடவ வேண்டும். வெயில் அடிக்கும் நாளில் வியூஃபைண்டர் இல்லாமல் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். முகுர்த்தியின் வரையாட்டை எடுக்கும் எண்ணமே வேண்டாம். உடலைச் சுருக்கலாம், ஒளியின் கணக்கைச் சுருக்க முடியாது; ஃபுல் ஃப்ரேமுக்கான டெலி லென்ஸ் அதே நீளம், அதே எடைதான். நல்ல ஒரு 24-70 எஃப்/2.8 லென்ஸே ஏறக்குறைய எழுநூறு கிராமோ அதற்கு மேலோ இருக்கும். அதை மாட்டியதும் சிறிய உடல் முன்பக்கம் தலைகுப்புறச் சாயும்.

விற்பனையாளர்கள் சொல்லாத கணக்கு ஒன்றும் உண்டு. 2020-இல் வந்த சோனி ஏ7சி 509 கிராம். பிஎஃப்பைவிட 63 கிராம்தான் அதிகம். அந்த 63 கிராமுக்குள் வியூஃபைண்டரும், சென்சார் நடுக்கத் தடுப்பும், மெக்கானிக்கல் ஷட்டரும், திருப்பும் திரையும் இருக்கின்றன. ஒரு சார்ஜில் பிஎஃப் தருவதைப்போல் இரண்டரை மடங்கு படம் கிடைக்கிறது. எனவே எடைக்காகத்தான் எல்லாவற்றையும் எடுத்தோம் என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை. எடுத்தது அழகுக்காக, மனம் சிதறாமல் இருப்பதற்காக. அதற்காக ஒருவர் பணம் கொடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த விவரப் பட்டியலிலும் வராத ஒரு இழப்பும் உண்டு. பென்னின் கேமரா முன்னால் நின்றவருக்குத் தான் படமாவது தெரிந்தது, வேண்டாமென்றால் நகர்ந்துவிடலாம். கறுப்பு டேப் ஒட்டிய லைக்கா அந்த அறிவிப்பைப் பாதியாகக் குறைத்தது. சத்தமே இல்லாத இந்தப் பெட்டி மீதியையும் எடுத்துவிட்டது. பைக்காரா ஆறு தோடர்களுக்குப் புனிதமானது. அவர்களுடைய குடியிருப்புகளான மந்துகள் இந்த மேட்டுநிலத்தில் இருக்கின்றன. சிறிய கேமராவின் வசதி, கேட்காமல் எடுப்பதற்கான வசதியாக மாறிவிடக் கூடாது. கேமரா சத்தம் போடவில்லையென்றால் எடுப்பவர் வாய்திறந்து கேட்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. கல்யாண வேலை, விளையாட்டு, பறவை, காட்டுயிர் இவற்றில் ஒன்று உங்கள் பிழைப்பாகவோ பித்தாகவோ இருந்தால் இந்தப் பக்கம் வர வேண்டாம். உங்களிடம் இருக்கப்போவது ஒரே ஒரு கேமரா என்றாலும் வேண்டாம். வியூஃபைண்டர் உள்ள சிறிய உடல் ஒன்றை, பழையதாக இருந்தாலும், வாங்குங்கள். ஏற்கெனவே வேலைக்கு ஒரு கேமரா வைத்திருந்து, நடைக்கு ஒன்று தேடுகிறீர்கள், ஒரே லென்ஸில் ஆறு மாதம் இருக்க மனம் உண்டு என்றால் தாராளமாக வாங்கலாம். கடையில் எடைபோடும்போது உடலை மட்டும் வைக்காதீர்கள். லென்ஸ், இரண்டாவது பேட்டரி, தனியாக வாங்க வேண்டிய கைப்பிடி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முடிந்தால் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, ஒரு நாள் வெயிலிலும் ஒரு நாள் பனியிலும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மலையில் வசிப்பவர் என்றால் கூடவே ஒரு காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடுங்கள். நீலகிரி ஈரத்தில் லென்ஸுக்குள் ஏறும் பூஞ்சை, கேமரா சின்னதா பெரியதா என்று பார்ப்பதில்லை.