இனி என்னால் முடியாது என்று சொல்வது

போன டிசம்பரில் பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "தம்பி, உங்க எழுத்துரு மாற்றியை இன்னும் பார்த்துக்குறீங்களா? எங்கப்பா டைப் பண்ணி வச்ச கதைகள் நாப்பது இருக்கு. திறந்தா எல்லாம் பூச்சி பூச்சியா தெரியுது."

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் எழுதிய நிரல் அது. பழைய திஸ்கி கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும். கிட்ஹப்பில் போட்டேன். பிறகு பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்தது. 2019க்குப் பிறகு அதில் ஒரு வரிகூட நான் மாற்றவில்லை. பைத்தான் 2இல் எழுதியது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துபோனது. 'ஆமாம், பார்த்துக்கொள்கிறேன்' என்றால் பொய். 'இல்லை' என்று சொல்ல வெட்கம். மடலை மூடி வைத்துவிட்டேன்.

என்னைப் போல விட்டுவிட்டுப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தது அந்தக் குற்ற உணர்ச்சியில்தான்.

முதலில் நம் வீட்டுக் கதை. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பல குறியாக்கங்கள் இருந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் நிறைய நூல்களை ஏற்றியது. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படும்: 'கெ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் ககரம். யூனிகோடில் நேர் எதிர். மாற்றும்போது ஒவ்வொரு கொம்பையும் இடம்மாற்ற வேண்டும். மதுரைத் திட்டத்தின் நூல்களை மாற்ற ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் இன்று நம் கைபேசியில் அவற்றைப் படிக்க முடிகிறது. பட்டர்வொர்த்துக்காரரின் அப்பாவுக்கு அப்படி யாரும் இல்லை.

அடுத்தது இ-கலப்பை. தமிழா குழு இலவசமாகக் கொடுத்த தட்டச்சுக் கருவி. அந்தக் காலத்தில் இணையத்தில் தமிழ் எழுதிய பலரும் அதில்தான் தட்டினார்கள். ஆனால் முதல் இரண்டு பதிப்புகளும் கீமேன் என்ற வேறொரு மென்பொருளின் மேல் நின்றவை. அன்றைக்குக் கீமேனின் மூலநிரல் திறந்ததல்ல. மூன்றாம் பதிப்பைப் புதிதாக எழுதி, குனூ பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். பின்னாளில் கீமேனும் திறமூலமானது வேறு கதை. மூலநிரல் திறந்திருந்தால்தான் இன்னொருவர் கை வைக்க முடியும். இதுதான் முதல் பாடம்.

ஆனால் உரிமம் மட்டும் போதாது. என் நிரலும் திறந்துதானே கிடந்தது? யார் வேண்டுமானாலும் நகலெடுத்துத் தொடர்ந்திருக்கலாம். யாரும் தொடவில்லை. காரணம், பக்கத்தின் மேலே என் பெயர் இருந்தது. உரிமையாளர் இருக்கிறார், இன்றோ நாளையோ வருவார் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

1993இல் தொடங்கிய டெபியன் இதற்கு ஒரு முறையை உருவாக்கி வைத்திருக்கிறது. ஒரு பொதியைப் பராமரிக்க முடியாதவர் வெளிப்படையாக அறிவிக்கலாம். அந்தப் பொதி 'அநாதை' என்று குறிக்கப்படும். இன்னொருவர் தத்தெடுக்கும் வரை தரக் குழுவின் பெயரில் இருக்கும். விட்டுவிடுவதற்கு முன்பே 'யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கவும் வழி உண்டு. சொல்லாமலே காணாமல் போனவர்களைத் தேடி விசாரிக்கத் தனிக் குழு இருக்கிறது. கவனிப்பாரற்ற பொதியை மீட்க நினைப்பவரும் சட்டென்று பிடுங்கிவிட முடியாது. அறிவித்துவிட்டுக் குறைந்தது 21 நாள் காத்திருக்க வேண்டும். இதில் யாரையும் ஓடிப்போனவர் என்று ஏசுவதில்லை. விலகுவதும் வேலையின் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. ஜார்ஜ்டவுனில் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் நிலமும் வீடும் எழுதி வைத்தவர்கள் உண்டு. கொடுத்தவர் போய்விடுவார், சொத்து நிற்கும். பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, அல்லது இருப்பவர் சரியாகப் பார்க்க மாட்டார். 1905இல் நீரிணைக் குடியேற்ற அரசு முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. நிர்வாகம் சீர்கெட்டாலோ, அறங்காவலரே இல்லாவிட்டாலோ வாரியம் பொறுப்பேற்கலாம். வெள்ளைக்கார அரசுக்குத் தன் கணக்குகளும் இருந்திருக்கும். ஆனாலும் அந்த வழியில் வந்த பினாங்கு இந்து அறப்பணி வாரியம்தான் இன்றும் தண்ணீர்மலை முருகன் கோயிலை நிர்வகிக்கிறது. ஆள் இல்லாத இடைவெளியில் சாவியை வைத்திருக்க ஒரு பொது இடம். டெபியனின் தரக் குழு செய்வதும் அதுதான்.

அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024இல் பார்த்தோம். எக்ஸ்.இசட் உலகமெங்கும் லினக்ஸில் பயன்படும் ஒரு சுருக்க மென்பொருள். அதை லாஸ்ஸே கொலின் பல வருடம் கிட்டத்தட்டத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் தன் மனநலம் சரியில்லை என்று எழுதினார். 'ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு' என்று சிலர் நெருக்கினார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி, பொறுப்பையும் பெற்று, கடைசியில் பின்கதவு ஒன்றைப் புதைத்தார். கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். நெருக்கிய கணக்குகளும் அதே நாடகத்தின் பாத்திரங்கள் என்றே பலர் கருதுகிறார்கள்.

கொலினைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. களைத்தவர் வாய் திறந்து சொன்னார். சாவியை வாங்கி வைக்க நம்பகமான இடம்தான் இல்லை. நான் களைக்கக்கூட இல்லை. சும்மா பேசாமல் இருந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் பதில் எழுதினேன். "மன்னிக்கணும்ணே, நான் இதை ஆறு வருஷமா பார்க்கல. கோப்புகளை அனுப்புங்க." மூன்று இரவுகளில் நிரலை பைத்தான் 3க்கு மாற்றினேன். நாற்பதில் முப்பத்தேழு கதைகள் முழுதாக வந்தன. மற்ற மூன்றும் வேறு ஏதோ குறியாக்கம், எனக்குப் பிடிபடவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

பிறகு கிட்ஹப் பக்கத்தின் முதல் வரியை மாற்றினேன்: 'இதை நான் இப்போது பராமரிக்கவில்லை. எடுத்துக்கொள்ள விரும்புபவர் எழுதுங்கள், கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.' இதுவரை யாரும் எழுதவில்லை. வந்தால் முதல் வேலை அந்த மூன்று கதைகள்தான்.