விமானம் ஏறிய தொலைநோக்கி

ஒளியின் தளவிளைவை, அதாவது ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிர்வதை, வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் வானியற்பியலாளர் சந்திரசேகரிடமிருந்துதான் தொடங்குவேன். சூடான விண்மீன்களின் ஒளியில் தளவிளைவு இருக்கும் என்று அவர் கணித்தார். அதைத் தேடிப்போன ஹில்ட்னரும் ஹாலும் 1949-இல் கண்டதோ வேறு: வழியிலுள்ள தூசுதான் அந்த வேலையைச் செய்கிறது. நீண்ட தூசுத் துகள்கள் காந்தப்புலத்துக்குக் குறுக்காக அணிவகுக்கின்றன. அந்த அணி எவ்வளவு கலைந்திருக்கிறது என்பதை வைத்தே புலத்தின் வலிமையைக் கணக்கிடலாம் என்று 1953-இல் சந்திரசேகரும் ஃபெர்மியும் காட்டினார்கள்.

விண்மீன்கள் பிறக்கும் அடர்ந்த முகில்களைக் கண்ணுறு ஒளி ஊடுருவாது. அங்குள்ள காந்தப்புலத்தை அறிய, தூசு தானே உமிழும் தூர அகச்சிவப்பைத்தான் அளக்க வேண்டும். அதையோ நம் வளிமண்டல நீராவி விழுங்கிவிடும். ஆகவே தொலைநோக்கியை விமானத்தில் ஏற்றினார்கள். சந்திரசேகர் பணியாற்றிய அதே சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரோஜர் ஹில்டிபிராண்ட் குழு, 1980-களில் நாசாவின் கைப்பர் விமானத்தின் 91 செ.மீ. தொலைநோக்கியால் ஓரியன் முகிலின் தளவிளைவை அளந்தது.

அடுத்து வந்தது சோஃபியா: பான் ஆம் நிறுவனத்துக்காகப் பறந்த பழைய போயிங் 747எஸ்பி, அதில் 2.7 மீட்டர் ஆடி. அதன் ஹாக் பிளஸ் கருவி 53 முதல் 214 மைக்ரோமீட்டர் வரை தளவிளைவைப் படமெடுத்தது. செலவுக்கேற்ற அறிவியல் பலன் இல்லை என்று 2022-இல் சோஃபியாவை நிறுத்தினார்கள். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. அதன் இடத்துக்கு வேறு விமானம் வரவேயில்லை.