போர் தந்த காதல் நிலைக்குமா?

போர் காதலை அழிக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால், அந்தக் காதலைப் பிறக்கச் செய்வதும் அதே போர்தான் என்றால் நம்புவீர்களா? எர்னஸ்ட் ஹெமிங்வே 1929இல் வெளியிட்ட ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவல் இதற்குச் சிறந்த சான்று.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். முதல் உலகப் போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டராக இத்தாலிக்குச் சென்றார் ஹெமிங்வே. 1918 ஜூலை 8ஆம் தேதி பியாவே ஆற்றங்கரையில் குண்டு வெடித்துப் படுகாயமுற்றார். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிறையவில்லை. மிலான் மருத்துவமனையில் ஆக்னஸ் வான் குரோவ்ஸ்கி என்ற 26 வயது தாதியிடம் மனத்தைப் பறிகொடுத்தார். போர் முடிந்ததும் திருமணக் கனவோடு நாடு திரும்பினார். 1919 மார்ச் மாதம் கடிதம் வந்தது. ஆக்னஸ் வேறொருவரை மணக்கவிருந்தார்!

பத்தாண்டுகளுக்குப் பின் இந்த அனுபவமே நாவலுக்கு விதையானது. கதாநாயகி கேத்தரின் ஒரு பிரிட்டிஷ் தாதி. அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன் சோம் போரில் மாண்டவன். 1916 ஜூலை முதல் தேதி, அப்போரின் முதல் நாளில் மட்டும் 19,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மடிந்தனர். இறந்தவனை மறக்க முடியாத கேத்தரின், புதிதாக வந்த ஃபிரெட்ரிக்கிடம் அவனையே தேடுகிறாள். ஃபிரெட்ரிக்குக்கோ அது தொடக்கத்தில் வெறும் விளையாட்டு. காயம்பட்டுப் படுத்த பிறகுதான் அது காதலாகிறது. ஒருவனைப் பறித்த போரே இன்னொருவனைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

1917 அக்டோபரில் கபரெட்டோவில் இத்தாலி தோற்கிறது. பின்வாங்கும் அதிகாரிகளைச் சொந்த இராணுவமே சுட்டுக் கொல்கிறது. ஃபிரெட்ரிக் ஆற்றில் குதித்துத் தப்புகிறான். கருவுற்ற கேத்தரினுடன் இரவோடு இரவாகப் படகில் சுவிட்சர்லாந்து சேர்கிறான்.

அங்கே பீரங்கி இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனாலும் குழந்தை இறந்தே பிறக்கிறது. கேத்தரினும் உயிர் துறக்கிறாள்.

குண்டு கொன்றிருந்தால் பகைவனைப் பழித்து மனம் ஆறலாம். அந்த ஆறுதலையும் ஹெமிங்வே தரவில்லை. உற்றார் உறவினர், வீடு, வேலை எதுவுமின்றி, ஒருவருக்கு ஒருவர் மட்டுமே என்று அவ்விருவரையும் நிறுத்தியது போர். அதனால்தான் ஒருத்தி மறைந்ததும் மற்றவனுக்கு உலகமே வெறுமையாகிறது.

நிஜ வாழ்வில் அமைதி திரும்பியதும் காதல் முறிந்தது. கதையில் அமைதியான நாட்டை அடைந்தும் காதலி பிழைக்கவில்லை. போர் இருவரைச் சேர்த்து வைக்கலாம். ஆனால் சேர்ந்து வாழ ஓர் உலகத்தை அது விட்டு வைப்பதில்லை.