எல்லையும் அச்சும்: புதுச்சேரியில் 'இந்தியா' இதழ் நிறுவனத்தின் மறுவாக்கம் (1908–1918)

முன்னுரை

தமிழ் இதழியல் வரலாற்றில் 'இந்தியா' வார இதழின் இடம் பெரும்பாலும் அதன் அரசியல் உள்ளடக்கத்தைக் கொண்டே மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. சுப்பிரமணிய பாரதியின் எழுத்து, தீவிர தேசியவாதம், ஆங்கில அரசின் அடக்குமுறை ஆகிய மூன்றும் அம்மதிப்பீட்டின் அடிப்படைகளாக அமைந்துள்ளன. ஆயினும் 'இந்தியா' ஒரு கருத்தியக்கமாக மட்டும் இயங்கவில்லை. உரிமையாளர், அச்சகம், அச்சுக்கோப்போர், ஓவியர், சந்தாதாரர், அஞ்சல் வழி ஆகியவற்றைச் சார்ந்து நின்ற ஒரு சிறு ஊடக நிறுவனமாகவும் அது இருந்தது. 1908இல் அந்நிறுவனம் சென்னையிலிருந்து பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. அங்கு அது தன்னை எவ்வாறு மறுவாக்கம் செய்துகொண்டது, அம்முயற்சி எங்குத் தடைப்பட்டது, தடைப்பட்டபின் அதன் படைப்பாற்றல் எவ்வழியில் தொடர்ந்தது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வினாக்களுக்கு விடை காண அச்சகம் இருந்த நகரத்தோடு அந்நகரைச் சூழ்ந்த வில்லியனூர், பாகூர் ஆகிய ஊரகக் கொம்யூன்களின் எல்லைகளையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

சென்னையில் நிறுவனத்தின் அமைப்பு

1904இல் 'சுதேசமித்திரன்' நாளிதழில் துணையாசிரியராகச் சேர்ந்த பாரதி, 1905இல் 'சக்ரவர்த்தினி' என்னும் மகளிர் மாத இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். 1906 மே மாதத்தில் 'இந்தியா' தொடங்கப்பட்டது. மண்டயம் குடும்பத்தாரின் பொருளுதவியும் நிர்வாகமும் அதன் பின்புலமாக நின்றன. தமிழில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்ட முதல் இதழ் என்னும் சிறப்பு 'இந்தியா'வுக்கு உண்டு. கருத்துப்படமும் அதற்குரிய விளக்கமும் சேர்ந்து வெளிவந்தமையால், எழுத்தறிவு குறைந்தோரிடமும் இதழின் செய்தி சென்று சேரும் வாய்ப்பு உருவாயிற்று.

சந்தா முறையும் கருதத்தக்கது. அரசாங்கங்களுக்கு 50 ரூபாய், பொதுவாசகருக்கு 3 ரூபாய் என்று வாங்குவோரின் தகுதிக்கேற்பக் கட்டணம் வகுக்கப்பட்டது. பொருளாதார ஏற்பாடான இது ஓர் அரசியல் எள்ளலாகவும் அமைந்தது. ஆக்கத்திறன் எழுத்தோடும் படத்தோடும் நில்லாமல் நிறுவனத்தின் கணக்கு வழக்கு வரை பரவியிருந்தமைக்கு இது சான்றாகும்.

ஆசிரியராகப் பதிவு பெற்றவர் பெயரும் உண்மையில் எழுதியவர் பெயரும் வேறுவேறாக இருந்தன. இவ்வேற்பாடு எழுதுவோரைக் காத்தது. பதிவு பெற்றவரை இடருக்குள்ளாக்கியது. 1908 சூலையில் வ.உ.சிதம்பரனாரும் பால கங்காதர திலகரும் தண்டிக்கப்பட்டனர். அடுத்த மாதத்தில் 'இந்தியா'வின் பதிவு பெற்ற ஆசிரியர் மு.சீனிவாசன் கைதானார். இச்சூழலில் பாரதி புதுச்சேரி சென்றார். அதே ஆண்டின் அக்டோபரில் 'இந்தியா' அங்கிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது.

புதுச்சேரியில் விரிவாக்கம்

பிரான்சின் 1881ஆம் ஆண்டு அச்சுரிமைச் சட்டம் அதன் குடியேற்றப் பகுதிகளுக்கும் உரியது. முன் அனுமதியோ பிணைத்தொகையோ இன்றி இதழ் நடத்த அச்சட்டம் இடமளித்தது. பொறுப்பாளர் ஒருவரின் பெயரை அறிவித்தல் மட்டுமே முதன்மையான நிபந்தனை. அதே காலத்தில் ஆங்கில ஆட்சிப் பகுதியில் 1908 சூன் மாதச் செய்தித்தாள் சட்டம், குற்றத்தைத் தூண்டுவதாகக் கருதப்பட்ட இதழ்களின் அச்சகங்களைப் பறிமுதல் செய்ய வழிவகுத்திருந்தது. ஒரே மொழி பேசும் மக்களிடையே, சில கல் தொலைவுக்குள், இருவேறு அச்சுச் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன.

இவ்வேறுபாட்டை நிறுவனம் நன்கு பயன்படுத்திக்கொண்டது. பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கமாகிய சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பவற்றை 'இந்தியா' தன் கொள்கைச் சொற்களாகக் கொண்டிருந்தது. இப்போது அம்முழக்கத்தை அரசு முழக்கமாகக் கொண்ட ஆட்சியின் கீழேயே அது அச்சாயிற்று. 1909இல் 'விஜயா' என்னும் நாளிதழ் வெளிவந்தது. 'சூரியோதயம்' வார இதழும், 'கர்மயோகி' மாத இதழும் இக்காலத்தின் வெளியீடுகளாகும்.

நாள், வாரம், மாதம் என மூன்று கால அளவுகளில் இதழ்கள் நடத்தப்பட்டதில் ஒரு திட்டம் புலப்படுகிறது. உடனடிச் செய்திக்கு நாளிதழும், அரசியல் விமரிசனத்துக்கும் கருத்துப்படத்துக்கும் வார இதழும், சிந்தனைக் கட்டுரைகளுக்கு மாத இதழும் களங்களாயின. ஒரு சிறு குழுவின் எழுத்தாற்றல், வடிவங்களாகப் பிரிந்து பெருகியது. சென்னையில் ஒரே இதழின் பக்கங்களுக்குள் நெருங்கிக் கிடந்த செய்தியும் கட்டுரையும் கவிதையும் இங்குத் தத்தமக்கெனத் தனி இடம் பெற்றன. இதுவே நிறுவனத்தின் முதல் மறுவாக்கம்.

கொம்யூன்களின் எல்லையும் விநியோகமும்

அச்சிடும் உரிமை கிடைத்தது. வாசகரோ எல்லைக்கு அப்பால் இருந்தனர். 'இந்தியா'வின் சந்தாதாரர் சென்னை மாகாணமெங்கும் பரவியிருந்தனர். புதுச்சேரியின் நிலவமைப்பு இச்சிக்கலை மேலும் கடுமையாக்கியது.

பிரெஞ்சுப் புதுச்சேரி தொடர்ச்சியான ஒரு நிலப்பரப்பாக அமையவில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், டூப்ளே காலத்தில், வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் கொடையாகப் பிரெஞ்சியர் வசம் வந்தன. பின்னர் நிகழ்ந்த போர்களும் உடன்படிக்கைகளும் அந்நிலங்களைத் துண்டு துண்டாக்கின. 1880இல் கொம்யூன்கள் அமைக்கப்பட்டபோது புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் ஆகிய நான்கும் இப்பகுதியின் நிர்வாகப் பிரிவுகளாயின. இவற்றின் ஊர்கள் பலவும் தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களோடு இடைகலந்து கிடந்தன. ஓர் ஊரின் வயல் பிரெஞ்சு மண்ணிலும் அடுத்த ஊரின் வயல் ஆங்கில மண்ணிலும் இருந்தன.

போக்குவரத்து வழிகள் இவ்வெல்லையைக் கடந்தே சென்றன. 1879இல் திறக்கப்பட்ட புதுச்சேரி–விழுப்புரம் இருப்புப்பாதை வில்லியனூர் வழியாக ஆங்கிலப் பகுதியுள் நுழைந்தது. தெற்கே பாகூர்ப் பகுதியைக் கடந்தால் கடலூர். ஆகவே புதுச்சேரியிலிருந்து நாட்டின் உட்பகுதிக்குச் செல்லும் எந்த இதழ்க்கட்டும் சில கல் தொலைவிலேயே ஆங்கில அரசின் அதிகாரத்துக்குள் வந்துவிடும். நடந்து செல்லும் உழவருக்கு ஏறத்தாழப் புலப்படாத அவ்வெல்லை, அஞ்சலில் செல்லும் அச்சுத்தாளுக்கு ஒரு மதிலாயிற்று.

ஆங்கில அரசு இதனை உணர்ந்தே செயற்பட்டது. பிரெஞ்சு மண்ணிலுள்ள அச்சகத்தைத் தொட அதற்கு அதிகாரமில்லை. தன் எல்லைக்குள் வரும் இதழைத் தடுக்க அதிகாரமிருந்தது. புதுச்சேரி வெளியீடுகள் ஆங்கில இந்தியாவுக்குள் வருவது தடை செய்யப்பட்டது. 1910 பிப்ரவரியில் நிறைவேறிய இந்திய அச்சகச் சட்டம், ஐயத்துக்குரிய அச்சுக்கட்டுகளைச் சுங்கத்திலும் அஞ்சலிலும் நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அலுவலர்க்கு அளித்தது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. பிற இதழ்களும் நெடுங்காலம் நீடிக்கவில்லை.

இதழ் சென்றடையாத இடத்திலிருந்து சந்தாவும் வருவதில்லை. வினியோக வழி அடைபட்டபோது வருவாயும் அடைபட்டது. அச்சகத்தில் எழுத்தும் எந்திரமும் ஆளும் இருந்தும் நிறுவனம் வீழ்ந்தது. ஊடக நிறுவனமொன்றை அழிக்க அதன் அச்சகத்தைப் பறிக்க வேண்டியதில்லை. அதன் வாசகரைப் பிரித்துவிட்டாலே போதும் என்பதற்கு இது தெளிவான சான்று.

இதழிலிருந்து நூலுக்கு

இதழ்கள் நின்றபின் இரண்டாம் மறுவாக்கம் தொடங்கியது. நிறுவனம் என்னும் கட்டமைப்பு கலைந்தது; அதைச் சூழ்ந்திருந்த படைப்பாளிகள் எழுத்தின் வடிவத்தை மாற்றினர். வார இதழின் அவசரத்துக்குக் கட்டுப்பட்டிருந்த பாரதியின் எழுத்து, நெடும் ஆக்கங்களை நோக்கித் திரும்பியது. 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. 'குயில் பாட்டு', 'கண்ணன் பாட்டு' ஆகியனவும் புதுச்சேரி வாழ்வின் பயன்களே.

நூல் வடிவம் தானாகவே பாதுகாப்புத் தந்துவிடவில்லை. பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய நூல்கள் 1911இல் சென்னை அரசால் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு சூன் மாதம் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபின் புதுச்சேரியிலிருந்தோர் மீதான கண்காணிப்பு மேலும் இறுகியது. எனவே மூன்றாவது வழியொன்று தேவைப்பட்டது. எல்லைக்கு அப்பாலுள்ள இதழ்களிலும் அச்சகங்களிலும் இடம் பெறுவதே அவ்வழி. சுப்பிரமணிய சிவா நடத்திய 'ஞானபாநு'வில் பாரதி எழுதினார்; பின்னர்ச் 'சுதேசமித்திர'னிலும் அவர் எழுத்து மீண்டும் இடம்பெற்றது. 1917இல் பரலி சு.நெல்லையப்பர் சென்னையில் 'கண்ணன் பாட்டு', 'பாப்பா பாட்டு' முதலியவற்றை வெளியிட்டார்.

இங்கு இயக்கத்தின் திசை தலைகீழாயிற்று. 1908இல் அச்சுத் தொழில் எல்லையைத் தாண்டிப் பிரெஞ்சு மண்ணுக்கு வந்தது. 1917இல் கையெழுத்துப்படி எல்லையைத் தாண்டிச் சென்னைக்குச் சென்றது. இதழ்க்கட்டுக்கு மூடியிருந்த எல்லை கையெழுத்துப்படிக்குத் திறந்திருந்தது.

1910இல் புதுச்சேரி வந்த வ.வே.சு.ஐயரின் பணியும் இப்போக்கோடு ஒத்துச் செல்கிறது. அவருடைய 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் சென்னை இதழான 'விவேகபோதினி'யில் வெளிவந்தது. திருக்குறளுக்கு அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் இக்காலத்தைச் சேர்ந்ததே. அரவிந்தரின் 'ஆர்யா' ஆங்கில மாத இதழோ 1914 முதல் 1921 வரை புதுச்சேரியிலிருந்தே தொடர்ந்தது. நேரடி அரசியலை விடுத்து மெய்யியலை அது பொருளாகக் கொண்டிருந்தமை இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணமாகும். ஆக, புதுச்சேரியில் அச்சிடுவதற்குச் சட்டம் தடையாக இல்லாதபோதும், எதை அச்சிட்டால் வாசகரை அடையும் என்பதை எல்லைக்கு அப்பாலிருந்த ஆட்சியே தீர்மானித்தது.

முடிவுரை

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட பாரதி கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். அவருடைய இதழ்க்கட்டுகளைத் தடுத்த அதே எல்லை சில ஆண்டுகள் கழித்து அவரையும் தடுத்து நிறுத்தியது. டிசம்பரில் விடுதலையான அவர், 1920இல் 'சுதேசமித்திரன்' அலுவலகத்துக்கே மீண்டும் சென்றார்; 1921இல் மறைந்தார். சொந்த இதழ் ஒன்றை மீண்டும் நடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

இவ்வரலாற்றில் ஈட்டமும் இழப்பும் ஒருங்கே உள்ளன. இதழ் நின்றதனால் நெடுங்கவிதைகள் கிடைத்தன என்று கூறி இழப்பை ஈடுசெய்துவிட இயலாது. கருத்துப்படமும் செய்தியும் பாடலும் ஒரே தாளில் கூடி, படித்தவரையும் படிக்காதவரையும் ஒருங்கே நோக்கிப் பேசிய ஒரு பொதுக்களம் 1910இல் மூடப்பட்டது. கவிஞர் எஞ்சினார், கருத்துப்பட ஓவியர், அச்சுக்கோப்போர், நிர்வாகிகள் ஆகியோரின் கூட்டு ஆக்கம் எஞ்சவில்லை. தனிப்படைப்பாளியின் பெயரில் எழுதப்படும் இலக்கிய வரலாறு இவ்விழப்பைக் காணத் தவறுகிறது.

தமிழ் இதழியல் ஆய்வு ஆசிரியரையும் அச்சகத்தையும் கடந்து இதழ் சென்ற வழிகளையும் ஆராயவேண்டும். வில்லியனூர் வழிச் சென்ற இருப்புப்பாதையும், பாகூரை அடுத்த கடலூர் எல்லையும், அஞ்சல், சுங்க நடைமுறைகளும் இதழியல் வரலாற்றுக்குரிய சான்றுகளே. அவற்றை இணைத்துப் படிக்கும்போதுதான் ஒரு சிறு ஊடக நிறுவனத்தின் ஆக்கத்திறன் எதனால் தளிர்த்தது, எதனால் திசை மாறியது என்பது முழுமையாகப் புலப்படும்.