ஏரிக்குக் கீழே இருந்த பிழைப்புகள்: பெங்களூரின் நெல்வயல் வரலாறு

வெள்ளம் சூழும் நிலங்களின் சிறு நெல் உழவர்கள் நெல்லோடு வேறு தொழில்களையும் கைக்கொள்வதை 'வாழ்வாதாரப் பன்முகமாக்கம்' என்று வளர்ச்சி ஆய்வுகள் அழைக்கின்றன. பெரும்பாலும் அது ஒவ்வொரு குடும்பமும் தனித்து எடுக்கும் முடிவாகவே அளக்கப்படுகிறது. பெங்களூரின் ஏரி வரலாறு இவ்வளவுகோலைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகருக்குப் பேராறு இல்லை. ஹெப்பாள், கோரமங்கலா–சல்லகட்டா, விருஷபாவதி பள்ளத்தாக்குகளில் தொடர்தொடராக ஏரிகள் அமைந்தன. ஒன்றின் மிகைநீர் ராஜகாலுவே வழியே அடுத்ததை நிறைத்தது. கரைக்குக் கீழே 'கத்தெ' எனப்படும் நெல்வயல், மேட்டில் கேழ்வரகு. தாழ்நிலம் மூழ்கிய ஆண்டில் மேட்டுநிலம் கைகொடுத்தது. ஏரி நிறைந்தால் மீன். வற்றினால் அதன் படுகையே மேய்ச்சல் நிலம். வண்டல் எருவாயிற்று, களிமண் செங்கல்லாயிற்று. நீரைப் பங்கிட 'நீருகண்டி' இருந்தார்.

இச்சூழலில் தோட்டப் பயிரில் தேர்ந்தவர்கள் திகளர். தமிழ்நிலத்திலிருந்து குடிபெயர்ந்தோராக அவர்கள் கருதப்படுகின்றனர். 'திகுள' என்னும் பழங்கன்னடச் சொல் தமிழரையே குறிக்கும். சம்பங்கி ஏரியைச் சூழ்ந்திருந்த அவர்களுடைய காய்கறித் தோட்டங்கள் நகருக்கு உணவளித்தன.

1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. குடிநீருக்கு ஏரியை நம்பவேண்டாத நகரம், அதனை வெற்று மனையாகக் காணத் தொடங்கியது. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. ஏரியோடு வயலும் மீனும் மேய்ச்சலும் சூளையும் ஒருசேர மறைந்தன. உழவருக்கு எஞ்சியது பெரும்பாலும் நிலவிற்பனையும் நகரக் கூலியும். ஆண்டுதோறும் திகளர் எடுக்கும் கரக விழாவின் சடங்குகள், சம்பங்கியில் எஞ்சிய சிறு குளத்தில் இன்றும் நிகழ்கின்றன.

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபுரம் சாலைப் பகுதிகள் மூழ்கியபோது, தகவல்தொழில்நுட்ப ஊழியர்களை டிராக்டர்கள் சுமந்து சென்றன. நீர் தன் பழைய வழியை மறக்கவில்லை. ஆனால் அவ்வெள்ளத்தை விளைச்சலாகவும் மீனாகவும் வண்டலாகவும் மாற்றிக்கொண்ட ஏற்பாடு அங்கு இல்லை.

பல தொழில் செய்வது உழவரின் தனித்திறமை மட்டுமன்று. பொதுவளம் இருந்தவரையில்தான் அதற்கு இடமிருந்தது. ஏரியைக் கணக்கில் கொள்ளாமல் உழவரின் 'தகவமைப்புத் திறனை' மட்டும் அளக்கும் ஆய்வு, இழப்பின் காரணத்தை இழந்தவரிடமே தேடும்.